அது செத்துப்போச்சுன்னு ஆரு கண்ணு சொன்னது?

வா கண்ணு, வா. செருப்பை அக்கட்ட கழட்டிப் போட்டுட்டு இப்படிக் கட்டில்ல உக்காரு. நடுவால உக்காராதே, கயிறு தளந்து கெடக்குது. ஓரமா உக்காரு. சனிக்கிழமையும் அதுவுமா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டே வந்துட்டயா? பச்சக் கொழந்தையாட்ட அதை எறக்கியே விடமாட்டயா?

என்ன சொன்னே? டேட்டாபேஸ் கோடு படிக்கறயா? அதுலயும் போஸ்ட்கிரெஸ் எக்ஸிகியூட்டரையா? பரவால்லியே. உன்ற வயசுல நானு கோபால்ல சம்பளப் பட்டியல் போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கெல்லாம் அடுத்த கம்பெனிக்காரன் கோடைக் கண்ணுலயே காட்டமாட்டான். இப்ப உலகத்துக்கே தெறந்து போட்டிருக்குது, ஆரு வேணும்னாலும் படிக்கலாம். சரி. படிக்கலாங்கறதுக்காக உடனே வெட்டணுமா?

"முப்பது வரி செத்துக் கெடக்குதுங்க அப்புச்சி. ஆரும் கூப்பிடறதே இல்லீங்க. தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கறேனுங்க." இப்படிச் சொல்றப்ப உன்ற மூஞ்சியில என்னா வெளிச்சம்! சாவுச் சேதி சொல்ல வந்தவன் மூஞ்சி இத்தனை பிரகாசமா இருந்து நானு பாத்ததே இல்லை.

எனக்குத் தெரியும் கண்ணு உங்க பவுசு. புதுசா எழுதினா அதுல பக் வரும். அழிச்சா வராது. நானூறு வரி அழிச்சேன், வூட்டைக் கூட்டிப் பெருக்கிட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிக்கலாம். செவப்பு எழுத்துல மைனஸ் போட்டுக் காட்டும், நாலு பேரு கை தட்டுவாங்க. சீமாறு எடுத்தவனெல்லாம் வூட்டுக்காரன் ஆயிருவானா? ஆத்தா சீமாறு எடுத்தா, குப்பையில கெடக்கற திருகாணியை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்குவா. நீ எடுத்தா கம்மலும் சேந்து போகும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். செத்துப்போச்சுன்னியே, நாடி புடிச்சுப் பாத்தயா?

"டெஸ்ட் பூரா ஓட்டினேனுங்க, அந்த வரிப் பக்கம் ஒரு தடவை கூடப் போகலீங்க"ங்கறே. அது நாடி புடிக்கறதில்ல கண்ணு. திண்ணையில இருந்துக்கிட்டே, 'அவரு காத்தாலருந்து வெளிய வரலை, செத்துப் போயிருப்பாரு'ங்கற கதை. நானும்தான் மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்தா நாலரைக்குத்தான் எந்திரிக்கறேன். பாடை கட்டிருவியா?

சித்த பொறு. மொதல்ல இந்த எக்ஸிகியூட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குச் சொல்லு பாப்போம். முழிக்கறயே! சரி, நானே சொல்றேன். வூடு கட்டறப்ப பாத்திருப்பே. கொத்தனாரு சாரத்து மேல நிப்பாரு. 'கல்லு'ம்பாரு. அவருக்குக் கீழ நிக்கற ஆளு அவனுக்குக் கீழ நிக்கறவனைப் பாத்து 'கல்லு'ம்பான். அப்படியே எறங்கி, தரையில குமிச்சிருக்கற எடத்துலருந்து ஒரு கல்லு கை மாறி மேல போகும். கொத்தனாரு கேட்டாத்தான் கீழ அசைவே இருக்கும். போதும்னுட்டாருன்னா அத்தனை கையும் நின்னு போகும். போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு ஆளுக்கும் நோடுன்னு பேரு. தரையில குமியலைக் காத்துக்கிட்டு நிக்கறவன் சீக்ஸ்கேன். அடுக்கிக் குடுக்கறவன் சார்ட். ரெண்டு குமியலைச் சேக்கறவன் ஜாயின். பத்து வந்தாப் போதும்னு நிறுத்தறவன் லிமிட். மேல இருக்கறவன் கேக்கக் கேக்க, கீழ இருக்கறவன் ஒவ்வொரு வரிசையா எடுத்துக் குடுப்பான். இந்த மாதிரி இழுவைக்கு வோல்கானோ மாடல்னு பேரு வெச்சிருக்காங்க. எரிமலையாம். செங்கல் தூக்கறதுக்கு எரிமலைன்னு பேரு வெச்சாத்தான் படிச்சவங்களுக்குத் தொண்டையில எறங்கும் போல.

இந்த ஆளுங்கள்ல ஆரை எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்றது எக்ஸிகியூட்டர் இல்லை. அது மேஸ்திரி வேலை. மேஸ்திரிக்குப் பிளானர்னு பேரு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோ, பொறவு வேணும்.

இப்ப உன்ற கதைக்கு வாறேன். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டுப் பாத்திருப்பியே? சில நோடுக்கு நேரா, 'இது ஒரு தடவை கூட ஓடலை'ன்னு அதுவே எழுதிக் காட்டும். நெஸ்டட் லூப்ங்கற ஜாயின்ல வெளிப்பக்கத்துலருந்து ஒரு வரிசையும் வரலைன்னா, உள்பக்கத்துக்காரனை எழுப்பவே மாட்டாங்க. அன்னைக்கு அவனுக்குச் சோலி இல்லை. அவ்வளவுதான். அதைப் பாத்துட்டு அந்த ஆளோட பேரை ரேஷன் கார்டுலருந்து வெட்டிருவியா?

இல்லை, ஹேஷ் ஜாயினை எடுத்துக்கோ. ஒரு பக்கத்து வரிசையை எல்லாம் மெமரியில பரப்பி வெச்சுக்கிட்டு, அடுத்த பக்கத்தை அதுல தேடும். பரப்பறதுக்குக் குடுக்கற எடத்துக்கு வொர்க் மெம்னு பேரு, ஆரம்பத்துல 4 எம்பி வெச்சிருப்பாங்க. எடம் பத்தலைன்னா என்ன பண்ணும்? கட்டுக் கட்டாப் பிரிச்சு, ஒரு கட்டைக் கையில வெச்சுக்கிட்டு, மிச்சத்தை டிஸ்க்குல எழுதி வெச்சுட்டு, ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கும். நெம்ப நுணுக்கமான கோடு அது. நீ உன்ற லேப்டாப்புல நூறு வரிசை டேபிளை வெச்சுக்கிட்டு ஓட்டினா, அந்தப் பக்கம் காத்தே வீசாது. நூறு பேரு பந்திக்கு வந்த வூட்டுல, ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கற அண்டா எதுக்குன்னு கேக்கற மாதிரி இருக்குது. கண்ணாலம் வர்றப்பத் தெரியும்.

இன்னொண்ணு இருக்குது, அது இதைவிட வேடிக்கை. இவால்பிளான்குவால்னு பேரு. வாயில நொழையாது, ஆனா வெசயம் சின்னதுதான். நீ ஒரு வரிசையை மாத்தப் போறே. அதே நேரத்துல இன்னொருத்தன் அதே வரிசையை மாத்திக்கிட்டு இருக்கறான். நீ காத்திருக்கறே. அவன் முடிச்சுட்டுப் போயிட்டான். இப்ப உன்ற கையில இருக்கறது பழைய வரிசை. என்ன பண்ணுவே? புது வரிசையை எடுத்து, 'நானு போட்ட கண்டிஷன் இதுக்கு இன்னும் பொருந்துதா'ன்னு மறுக்காப் பாக்கணும். அந்த மறுபரிசோதனைதான் இது. ரெண்டு பேரு ஒரே வரப்புல எதிரும் புதிருமா வந்தாத்தான் இதுக்கு வேலை. நீ ஒண்டி ஆளா ராத்திரி உக்காந்து டெஸ்ட் ஓட்டினா, ஆயிரம் வருஷம் ஓட்டினாலும் வராது. அதுக்குன்னே ரெண்டு மூணு செஷனைத் தெறந்து வெச்சுக்கிட்டு மோதவிட்டுப் பாக்கற டெஸ்ட் தனியா இருக்குது. அதைப் பாத்தயா? பாத்திருக்க மாட்டே. உனக்குத்தான் பச்சைக் கலர் டிக் வந்துருச்சே!

இந்த மறுபரிசோதனைக்கு ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு சின்ன ஃபங்ஷன் வெச்சிருக்கணும். சீக்ஸ்கேன்ல இருக்கறதைப் பல வருஷம் முந்தி பாத்தேன். ஒண்ணுமே பாக்காது, 'சரி'ன்னு தலையாட்டிட்டுப் போயிரும். ஏன்னா சீக்ஸ்கேன் கிட்டச் சாவியே குடுக்கறதில்லை, பூட்டைச் சோதிக்க என்ன இருக்குது? அதை அங்கயே எழுதி வெச்சு, அடைப்புக்குறிக்குள்ள 'இது நெம்ப மோசம்'னு ஒரு புண்ணியவான் பொலம்பியும் வெச்சிருந்தான். கோடுக்குள்ள மனுஷன் பெருமூச்சு விடறதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அப்பறம் சத்தியமா ஓடவே ஓடாத வரியும் இருக்குது, அதையும் சொல்லிப்புடறேன். நோடுகளை எழுப்பி உக்கார வெக்கற எடத்துல ஒரு பெரிய சுவிட்ச் இருக்குது. இது சார்ட்டா, இங்க போ. இது லிமிட்டா, அங்க போ. கடைசியில, 'இதுல எதுவும் இல்லைன்னா, இவன் ஆருன்னே தெரியலை'ன்னு எரர் போட்டு நிறுத்தற வரி. அதுக்கும் கீழ இன்னொரு வரி, ரிசல்ட்டுக்கு நல்-ங்கற வெறுமையை வெக்கறது. எரர் போட்டு வெளிய போனவன் திரும்பி வரப்போறதில்லை. அப்ப அந்த வரி எதுக்கு? கம்பைலர் நச்சரிக்காம இருக்கறதுக்கு! பக்கத்துலயே அதை எழுதியும் வெச்சிருக்காங்க. அழுகற கொழந்தை வாயில வெக்கற சூப்பான். அதுல பால் வராது. புடுங்கிப் பாரு, தெரியும்.

என்ற கதை ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. நானு வேலை பாத்த ஒரு எடத்துல, பேரு வேண்டாம், கணக்கு முடிக்கற புரோகிராம்ல ஒரு பாரா இருந்துச்சு. சித்திரையிலருந்து மாசி வரைக்கும் பாத்துட்டேன், ஒரு தடவை கூட அந்தப் பாராவுக்குள்ள போகலை. எனக்கு அப்ப இருவத்தி எட்டு வயசு. உன்னையாட்டவே மூஞ்சியில வெளிச்சம். வெட்டிப் போட்டேன். மார்ச் 31 வந்துச்சு. அது வருஷத்துல ஒரு நாள், அன்னைக்கு ராத்திரி மட்டும் எந்திரிக்கற பாரா. விடிய விடிய உக்காந்து கையால கணக்குப் போட்டோம். மேனேஜரு என்னையத் திட்டவே இல்லை. டீ வாங்கிக் குடுத்துட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

அதுக்காக, 'தொடாதே, பழசு, பெரியவங்க வெச்சது'ன்னு சொல்ற கூட்டத்துல என்னையச் சேத்துப்புடாதே. அது இதைவிடக் கேவலம். ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒரு ஆளு இருப்பாரு. எதைக் கேட்டாலும், 'அது ஏன் இருக்குதுன்னு தெரியாது, ஆனா எடுத்தா ஒடஞ்சிரும்'பாரு. அப்படிச் சொல்றதுக்கு அவருக்குச் சம்பளம் வேற. என்ற தங்கச்சி வூட்டு அட்டாலியில ஓட்டைக் கொடம், கால் ஒடஞ்ச மேசை, பாடாத ரேடியோ எல்லாம் கெடக்கும். அட்டாலிக்குள்ள பாம்பு குடி வந்த பொறவுதான் எறக்கினாங்க.

பாம்புன்னதும் ஞாபகம் வருது. அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வியாபாரக் கம்பெனி இருந்துச்சு. அவங்க புரோகிராம்ல பவர் பெக்னு ஒரு பழைய பகுதி. 2003லயே அதை உபயோகிக்கறதை நிறுத்திட்டாங்க. ஆனா கோடை எடுக்கலை. அங்கயே கெடந்துச்சு. 2012ல புதுசா ஒரு வேலைக்கு ஒரு சுவிட்ச் தேவைப்பட்டுச்சு. புதுசு வாங்குவானேன்னு, பழைய பவர் பெக்கை எழுப்பற சுவிட்சையே எடுத்துக்கிட்டாங்க. எட்டு சர்வர். ஏழுல புதுக் கோடு ஏத்திட்டாங்க, ஒண்ணுல மறந்துட்டாங்க. ஆகஸ்ட் 1ஆம் தேதி காத்தால மார்க்கெட் தெறந்துச்சு. அந்த ஒரு சர்வர்ல ஒம்பது வருஷமாப் படுத்திருந்தவன் எந்திரிச்சு உக்காந்து, வாங்கறான், விக்கறான், வாங்கறான், விக்கறான். முக்காமணி நேரம். நாப்பத்தாறு கோடி டாலருக்கு மேல நட்டம். அந்த வருஷம் முடியறதுக்குள்ள கம்பெனியை வேற ஒருத்தரு வாங்கறதுன்னு பேச்சு முடிஞ்சு போச்சு. பொணத்தை வூட்டுல வெச்சுக்கிட்டு, அது போட்டிருந்த சட்டையை உருவி இன்னொருத்தனுக்கு மாட்டிவிட்டா எப்படி இருக்கும்?

அப்ப வெட்டறதா, விடறதா? இதைத்தான நீ கேக்கப்போறே? கேளு. கேக்கறதுக்குத்தான வாய் இருக்குது. ஆனா நீ கேக்கவே இல்லியே கண்ணு. நேரா அருவாளோட வந்தே.

போஸ்ட்கிரெஸ்காரங்க வெட்ட அஞ்சற ஆளுங்கன்னு நெனச்சுக்காதே. பெர்க்லி பல்கலைக்கழகத்துல 1986ல ஸ்டோன்பிரேக்கர்னு ஒருத்தரு இதை ஆரம்பிச்சப்ப, காலப் பயணம்னு ஒரு வசதி வெச்சிருந்தாங்க. நேத்து இந்த டேபிள் எப்படி இருந்துச்சு, போன மாசம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எடுத்துக் காட்டும். அதுல அவங்களுக்கு அத்தனை பெருமை. 1997ல 6.2 வந்தப்பத் தூக்கிப்புட்டாங்க. வேகம் கொறையுது, எடம் தின்னுதுன்னு காரணம் சொன்னாங்க. பெருமையைப் பாத்தா டிஸ்க் நெறஞ்சு போகுமில்ல? ஆரம்பத்துல ஒரு பகுதிக் கோடு லிஸ்ப்ல இருந்துச்சு. அதும் போச்சு. ஆனா லிஸ்ப் வெச்ச பேரு போகலை. லிஸ்ட்டுல ஒரு செல்லுக்குள்ள இருக்கறதை எடுக்கறதுக்கு எல்ஃபர்ஸ்ட், முன்னால சேத்தறதுக்கு எல்கான்ஸ், வெறும் லிஸ்ட்டுக்கு நில். 2020ல 13ஆம் பதிப்புல அந்தச் சங்கிலி லிஸ்ட்டையே ஒடச்சு நேர் வரிசையா மாத்திட்டாங்க. அப்பவும் பேரு அதேதான். எங்க ஊர்ல வண்டிப்பேட்டைன்னு ஒரு எடம் இருக்குதில்ல? வண்டியும் இல்லை, மாடும் இல்லை. பஸ்ஸுல ஏறி 'வண்டிப்பேட்டைக்கு ஒண்ணு'ன்னுதான டிக்கெட் வாங்கறே?

இப்பச் சொல்றதைத்தான் காதைக் குடுத்துக் கேளு.

மொய் நோட்டு பாத்திருக்கறயா? உங்கம்மா கண்ணாலத்து நோட்டு உள்ள பொட்டியில இருக்குது. ரெண்டு நோட்டு. ஒண்ணு நாம ஊருக்கெல்லாம் வெச்ச மொய். இன்னொண்ணு நமக்கு வந்த மொய். ரெண்டும் ஊர்ப் பேரு வரிசையில அடுக்கி எழுதினதுன்னு வெச்சுக்கோ. எந்த ஊருக்கு என்ன போச்சு, எந்த ஊர்லருந்து என்ன வந்துச்சுன்னு சேத்துப் பாக்கணும். எடது கை நோட்டுல ஒரு வெரலு, வலது கை நோட்டுல ஒரு வெரலு. ரெண்டும் சேந்து எறங்கும். இதுதான் மெர்ஜ் ஜாயின்.

எடது நோட்டுல காங்கயம் வருது. வலது நோட்டுலயும் காங்கயம் ஆரம்பிக்குது, அங்க அஞ்சு பேரு. அஞ்சையும் சேத்துப் பாத்துட்டு வெரலு தாராபுரத்துக்குப் போயிருச்சு. இப்ப எடது நோட்டுல அடுத்த வரியப் பாத்தா, மறுக்கா காங்கயம்! அப்ப வலது கை வெரலு திரும்பி மேல போகோணும். எங்க போகோணும்? காங்கயம் ஆரம்பிச்ச எடத்துக்கு. அதுக்குத்தான் உங்க பெரியம்மா அங்க ஒரு நெல்லு வெச்சுட்டு எறங்குவா. நெல்லு வெக்கறதுக்கு மார்க், நெல்லு இருக்கற எடத்துக்குத் திரும்பறதுக்கு ரெஸ்டோர். எக்ஸிகியூட்டர்ல இது ரெண்டுக்கும் ஃபங்ஷன் இருக்குது. கேக்கறவன் மெர்ஜ் ஜாயின் ஒருத்தன்தான். அவனுக்கு உள்பக்கமா நேர் கீழ நிக்கற ஆளுக்கு மட்டுந்தான் நெல்லு வெக்கத் தெரிஞ்சிருக்கணும்.

இப்பப் பாரு, சீக்ஸ்கேனுக்கும் ஒரு காலத்துல நெல்லு வெக்கச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. சீக்ஸ்கேன் ஆரு? குமியலைக் காத்துக்கிட்டு நிக்கறவன். எது மேல கெடக்குதோ அதை எடுத்துக் குடுப்பான். அடுக்கிக் குடுக்க அவனுக்குத் தெரியாது. மெர்ஜ் ஜாயினுக்கோ அடுக்கினதுதான் வேணும். ஆக மேஸ்திரி இவனைக் கொண்டுபோய் அவனுக்கு நேர் கீழ எதுக்கு நிறுத்தப்போறாரு? நடுவால ஒரு சார்ட்டை நிறுத்துவாரு. சார்ட்டுக்கு நெல்லு வெக்கத் தெரியும். இதே கதைதான் டிட்ஸ்கேனுக்கும், வேல்யூஸ் ஸ்கேனுக்கும்.

2014 நவம்பர்ல டாம் லேன்னு ஒருத்தரு, போஸ்ட்கிரெஸ்ல நெம்ப நாளா இருக்கற பெரிய கை, இந்த மூணு பேருகிட்ட இருந்த நெல்லையும் புடுங்கிப்புட்டாரு. இது இனிமேலும் ஆருக்கும் ஒதவப்போறதில்லை, கூப்பிட்டாலும் சிலது ஒழுங்கா வேலை செய்யுமாங்கறதே சந்தேகம்னு எழுதி வெச்சுட்டுத்தான் எடுத்தாரு. அந்த மாத்தம் 9.5 பதிப்புல வந்துச்சு. பாத்தயா? ஓடலைன்னு எடுக்கலை. ஓடறதுக்கு வழியே இல்லைன்னு எடுத்தாரு.

இதோட முடிஞ்சிருந்தா நானு உன்னைய இத்தனை நேரம் உக்கார வெச்சிருக்கமாட்டேன். அன்னைக்கு அதே கூட்டத்துல நாலாவதா ஒருத்தன் நின்னுக்கிட்டு இருந்தான். ரிசல்ட்னு பேரு. சொந்தமா ஒண்ணும் இல்லாத ஆளு. கீழருந்து வர்றதை வாங்கி, தொடச்சு, கணக்குப் போட்டு மேல தள்ளுவான். சில நேரம் வாசல்ல நின்னுக்கிட்டு, கண்டிஷன் பொய்னா ஒருத்தரையும் உள்ள விடமாட்டான். அவங்கிட்டயும் நெல்லு இருந்துச்சு. அதும் அன்னைக்கு உபயோகத்துல இல்லை. அதும் செத்த கோடுதான்னு அதே குறிப்புல சொல்றாரு. ஆனா எடுக்கலை. விட்டுட்டாரு.

ஏன்? யோசி. வேகமாச் சொல்லாதே, யோசி.

சீக்ஸ்கேனோட நெல்லு ஒதவாததுக்குக் காரணம் சீக்ஸ்கேன்கிட்டயே இருக்குது. அவன் பொறப்பே அப்படி. ரிசல்ட்டோட நெல்லு ஒதவாததுக்குக் காரணம் மேஸ்திரிகிட்ட இருக்குது. பிளானருக்கு அன்னைக்கு அந்த எடத்துல அவனை நிறுத்தத் தெரியலை. ரிசல்ட்டுக்குக் கீழ ஒரு சார்ட் நின்னா, அடுக்கின வரிசை அப்படியே மேல வரும். நெல்லு வெக்கச் சொன்னா கீழ இருக்கறவன்கிட்டச் சொல்லிருவான். முடியாத காரியம் ஒண்ணும் இல்லை. நாளைக்கு மேஸ்திரி கத்துக்கிட்டாருன்னா?

கத்துக்கிட்டாரு கண்ணு! 9.6 பதிப்புல பிளானரோட மேல்மாடியையே பிரிச்சுக் கட்டினாங்க. அப்பப் புரொஜெக்ஷன் பாத்னு புதுசா ஒரு வழி வந்துச்சு. அந்த வழியா வந்தா ரிசல்ட் நோடு மொளைக்கலாம். 'உனக்கு நெல்லு வெக்கத் தெரியுமா'ன்னு கேக்கற ஃபங்ஷனைத் தெறந்து பாரு. ரிசல்ட்டைக் கேட்டா, 'எனக்குக் கீழ நிக்கறவனுக்குத் தெரிஞ்சா எனக்கும் தெரியும்'ங்கற மாதிரி எழுதியிருக்கும். அன்னைக்கு முப்பது வரிதானன்னு வெட்டியிருந்தா, இன்னொருத்தன் உக்காந்து மறுக்கா எழுதோணும்.

இதுல இன்னொரு சூட்சுமமும் இருக்குது. 'அடுக்கினது வேணும்னா சார்ட் வரும், இல்லை இண்டெக்ஸ் வரும், ரெண்டுக்கும் நெல்லு வெக்கத் தெரியும், பொறவு என்ன பிரச்சினை'ன்னு நீ சொல்லுவே. நானும் அப்படித்தான் நெனச்சேன். பிளானர்ல, மெர்ஜ் ஜாயினுக்குச் செலவு கணக்குப் போடற எடத்துல, இப்படி நெனச்சேன்னா தப்புன்னே எழுதி வெச்சிருக்காங்க. நெஸ்டட் லூப் தானா அடுக்காது. ஆனா அதுக்கு வர்ற வரிசை அடுக்கி வந்தா, அடுக்கு கலையாம மேல தள்ளும். ஆகையால அதும் மெர்ஜ் ஜாயினுக்குக் கீழ வந்து நிக்கலாம். அதுக்கு நெல்லு வெக்கத் தெரியாது. அப்ப நடுவால மெட்டீரியல்னு ஒரு ஆளை நிறுத்தோணும். அவன் வந்ததை எல்லாம் மடியில கட்டி வெச்சுக்குவான், எங்க வேணும்னாலும் திரும்புவான். நீ மெட்டீரியல் நோடைப் பாத்து, 'இவன் வாங்கறதையே திருப்பிக் குடுக்கறான், தண்டச் சோறு'ன்னு முடிவு கட்டியிருப்பே. கட்டியிருப்பியா மாட்டியா?

வெளியூர்ச் சொந்தம்னு ஒண்ணு இருக்குது, அதையும் மறந்துறாதே. எக்ஸிகியூட்டர் ஆரம்பிக்கற எடத்துலயும் முடிக்கற எடத்துலயும் 8.4லருந்து கொக்கி மாட்டி வெச்சிருக்காங்க. கொக்கியில எதாச்சும் தொங்கினா அதைக் கூப்பிடு, இல்லைன்னா வழக்கம் போலப் போ. எக்ஸிகியூட்டர் போல்டரைப் பூரா கிரெப் பண்ணிப் பாத்தா, அதுல எதையும் மாட்டினவன் ஒருத்தனும் இருக்கமாட்டான். 'ஆஹா, வெறும் கொக்கி'ம்பே. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்னு ஒரு எக்ஸ்டென்ஷன் அந்தக் கொக்கியிலதான் தொங்குது. எந்தக் குவெரி எத்தனை நேரம் தின்னுதுன்னு உங்க ஆபீஸ்ல அதை வெச்சுத்தான பாக்கறீங்க? கிரெப் உன்ற வூட்டுக்குள்ளதான் தேடும் கண்ணு. மருமகன் வெளியூர்லருந்துதான் வருவான்.

என்ன, தலையைச் சொறியறே? வழி சொல்றேன். நெலம் வாங்கறதுக்கு மிந்தி என்ன பண்ணுவோம்? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பாப்போம். உங்களுக்குத்தான் கிட் இருக்குதே. அந்த வரியை ஆரு எழுதினாங்க, எந்த வருஷம், கூட வேற என்ன மாத்தினாங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு பாரு. பொறவு அந்த எடத்துல ஒரு கண்ணி வெய்யி. உள்ள வந்தா சத்தம் போட்டு விழற மாதிரி ஒரு வரி. எல்லா டெஸ்ட்டையும் ஓட்டு. கண்ணியில மாட்டுச்சுன்னா உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. மாட்டலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை, இன்னைக்கு இந்தப் பக்கம் வரலைன்னுதான் அர்த்தம். அப்பத்தான் மேஸ்திரிகிட்டப் போகோணும். எந்தப் பிளான் போட்டா இந்த ஆளு இந்த எடத்துல வந்து நிப்பான்? வழி இருக்குதா, இல்லை வழியே கெடையாதா? அதைக் கண்டுபுடிச்சுட்டு, 'இது எதுக்குங்க இருக்குது'ன்னு அங்க இருக்கற பெரியவங்களைக் கேளு. கேட்டா மானம் போயிராது. சில நேரம் அவங்களுக்கே தெரியாது, அப்பறம் அவங்களே வெட்டுவாங்க. அருவாள் அவங்களுதா இருக்கட்டும். பேரு உனக்கு வரும்.

சரி, இத்தனை நேரம் பேசினேன், ஒண்ணு கேக்க மறந்தே போயிட்டேன். உன்ற முப்பது வரி எந்த ஃபைல்ல கெடக்குது?

என்னது? சத்தமாச் சொல்லு.

நோடு ரிசல்ட்டா? மார்க் பாஸும் ரெஸ்ட்ர் பாஸுமா?

அட கூறுகெட்டவனே! பத்து நிமிசமா நானு ஆரைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கறேன்? நீயும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கறயே! வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கோணும் போல இருக்குது, இருக்கற ரெண்டு பல்லும் விழுந்துரும்.

போ, அந்தச் சொவத்துல பிளக் பாயிண்ட் இருக்குது, சார்ஜ் போடு. மொதல்ல ரெண்டு டேபிளைப் போட்டு, ரிசல்ட்டு மெர்ஜ் ஜாயினுக்குக் கீழ வந்து நிக்கற மாதிரி ஒரு குவெரி எழுத முடியுதான்னு பாரு. உள்ள பெரியம்மா காப்பி போட்டுக்கிட்டு இருக்கறா. நானு போயி அந்த ஆட்டை மாத்திக் கட்டிட்டு வந்துடறேன், வெயில் எறங்கிருச்சு.